இரண்டு நாடுகளுக்கு வந்த உதவியை ஒப்பிடுவது எப்படி?

சுங்கை சிப்பூட்டில் என் வீட்டு முன்கூடத்தில் மாலை நேரத்தில் டியூஷன் நடத்துகிறேன். போன வாரம் படிவம் ஆறு படிக்கும் ஒரு பெண் கட்டுரைக்கு ஒரு படம் வரைந்து கொண்டுவந்தாள். இலங்கைக்கு நீலக் கம்பம், நேபாளத்துக்குச் சிவப்புக் கம்பம். ஆண்டு 2005. நீலம் வெகு உயரம். கீழே, "அதிக உதவி பெறும் நாடு இலங்கை" என்று முடித்திருந்தாள்.

எண் தப்பில்லை, ஆண்டுதான் தப்பு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அடுத்த ஆண்டு அது. உலகமே இலங்கைக்கு அள்ளிக் கொடுத்த நேரம். 2015 ஏப்ரலில் நேபாளத்தில் நிலநடுக்கம் வந்தது; 2016ஐ எடுத்திருந்தால் சிவப்புதான் மேலே நிற்கும். அதனால் குறைந்தது பதினைந்து ஆண்டு எடுங்கள், பேரிடர் ஆண்டுகளைத் தனியாகக் குறியுங்கள்.

எண்களுக்கு உலக வங்கியின் தரவுத் தளத்தில் 'நெட் ஓடிஏ ரிசீவ்ட்' (Net ODA received) என்று தேடினால் போதும். ஓடிஏ என்றால் அதிகாரபூர்வ வளர்ச்சி உதவி. பாரிஸில் இருக்கும் ஓஇசிடி (OECD) என்ற பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு திரட்டும் கணக்கு அது. இரண்டு நாட்டையும் அங்கிருந்தே எடுங்கள்.

இந்த 'நெட்' என்ற சொல்லில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். என் அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஒருவர் பேருக்கு எதிரே இருக்கும் சம்பளம் ஒன்று; முன்பணம் பிடித்தபின் கையில் விழுவது வேறு. இங்கேயும் அப்படித்தான். அந்த ஆண்டு வந்த பணத்திலிருந்து, குறைந்த வட்டியில் வாங்கிய பழைய சலுகைக் கடனுக்குத் திருப்பிக் கட்டிய அசலைக் கழித்துவிடுவார்கள். வட்டியைக் கழிக்க மாட்டார்கள். அசல் கட்டியது அதிகமானால் எண் மைனஸில் போகும். நம் மலேசியாவுக்கே சில ஆண்டுகளில் அப்படி இருக்கிறது. 2018 முதல் ஓஇசிடி, கடனில் மானியத்துக்குச் சமமான பங்கை, அதாவது இலவசமாகக் கொடுத்ததற்கு ஈடான பகுதியை, மட்டும் எண்ணும் இன்னொரு முறையையும் வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

அப்புறம் ஆள்கணக்கு. இரண்டு நாட்டுக்கும் தலா 100 கோடி டாலர் வந்ததாக வைத்துக்கொள்வோம். சுமார் 2.2 கோடிப் பேர் உள்ள இலங்கையில் தலைக்கு 45 டாலர், சுமார் 3 கோடிப் பேர் உள்ள நேபாளத்தில் 33 டாலர். தேசிய வருமானத்தில் எத்தனை விழுக்காடு என்பதையும் பாருங்கள். நேபாளம் உதவியை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பது அதில்தான் தெரியும். நீண்ட கால ஒப்பீடு என்றால் விலைவாசி சரிசெய்த 'கான்ஸ்டன்ட்' டாலரை எடுங்கள்.

கணக்கில் வராத பணமும் உண்டு. ராணுவ உதவி சேராது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குச் சீன வங்கி கொடுத்த கடனும் இதில் இருக்காது, ஏனென்றால் சீனா ஓஇசிடியின் உதவி வழங்கும் நாடுகள் குழுவில் இல்லை, அதற்குக் கணக்கும் கொடுப்பதில்லை. இலங்கையைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விட்டால் படம் பாதிதான்.

எங்கள் ஊர்ப் பக்கத்து ஆலை வாசலில் ஒரு நேபாளக் காவலாளி நிற்கிறார். சம்பளம் வந்ததும் வீட்டுக்குப் பணம் அனுப்பக் கடையில் வரிசை பிடிப்பார். இப்படி வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம் நேபாளத்துக்கு வரும் உதவியைவிடப் பல மடங்கு. அது உதவி இல்லை, அவர்களுடைய உழைப்பு. உதவிக் கம்பத்தில் சேர்க்காமல், பக்கத்தில் தனிக் கம்பமாக வரையச் சொன்னேன். வரைந்தாள், தாள் போதவில்லை, மேலே இன்னொரு தாளை ஒட்டினாள்.

எண்களைப் பின்னால் திருத்துவார்கள். எடுத்த தேதியை அட்டவணைக்குக் கீழே எழுதி வையுங்கள்.