டிஜிட்டல் அலைவுகாட்டி: 8 அலை ஏன் 2 அலையாகத் தெரிகிறது?

உயர்தரப் பௌதிகவியலில் படிக்கும் கதோட்டுக் கதிர் அலைவுகாட்டியில் இலத்திரன் கற்றையே திரையில் அலையை வரைந்துவிடும். டிஜிட்டல் அலைவுகாட்டி அப்படியல்ல. சீரான இடைவெளியில் வோல்ற்றளவை அளக்கும், எண்ணாக்கும், நினைவகத்தில் வரிசையாக அடுக்கும், பிறகுதான் படம் போடும். அளந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. தெரியாத இடத்தைக் கோடு போட்டு நிரப்பிவிடும்.

திருகோணமலையில் இலத்திரனியல் பழகுபவரிடம் வந்து சேரக்கூடிய வேலைகளில் ஒன்று, படகில் ஆழம் பார்க்கும், மீன் தேடும் கருவி. அதன் சைகை, சின்னத் துடிப்பு ஒன்று, நீண்ட அமைதி, பிறகு மெல்லிய எதிரொலி. அலைவுகாட்டியை ஏமாற்ற இதைவிட நல்ல சைகை கிடையாது. படகுக்குப் போகுமுன் அதையே மேசையில் செய்து பார்ப்போம்.

தேவையானவை: ஆர்டுயினோ ஊனோ (நிரல் ஏற்றி ஓட்டும் சிறு பலகை) 1, எச்சிஎஸ்ஆர்04 (HC-SR04) மீயொலி உணரி 1, இணைப்பு வயர்கள், 10எக்ஸ் புரோப் (சைகையைப் பத்தில் ஒன்றாக்கி அலைவுகாட்டிக்குக் கொண்டுபோகும் அளவு முனை) 1. அலைவுகாட்டிக்கு உதாரணமாக, குறைந்த விலைக் கருவிகளில் பரவலாகப் புழங்கும் ரைகோல் டிஎஸ்1054இசட்டை எடுத்துக்கொள்கிறோம்: 4 சனல் (சைகை நுழையும் வழி), செக்கனுக்கு அதிகபட்சம் 100 கோடி மாதிரிகள் (ஒரு தடவை அளந்த புள்ளி ஒரு மாதிரி), 1.2 கோடி புள்ளி நினைவகம், திரையில் கிடையாக 12 கட்டங்கள். உங்களுடையது வேறென்றால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: புரோப்பைச் சரிசெய்தல்

புரோப்பின் சுவிட்ச், சனல் மெனு இரண்டும் 10எக்ஸில் இருக்கட்டும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் வோல்ற்றளவு பத்து மடங்கு பிழைக்கும். முன்பக்கத்திலுள்ள 1 கிலோஹேர்ட்ஸ் சதுர அலையில் புரோப்பை மாட்டி, மூலைகள் கூராக வரும்வரை புரோப்பிலுள்ள சிறு திருகைப் பிளாஸ்டிக் திருகாணியால் திருப்புங்கள். கடற்காற்றில் ஏர்த் கிளிப் பச்சை பூத்திருந்தால் முதலில் அதைத் தேய்த்துத் துடையுங்கள். கிளிப் சரியாகத் தொடாவிட்டால் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் அலைக்கு மேல் ஏறி உட்காரும்.

அந்தக் கிளிப் அலைவுகாட்டியின் உடலோடும் பிளக்கின் ஏர்த்தோடும் நேரே இணைந்தது. அதை 230 வோல்ற்று லைனில் மாட்டினால் நேரடிக் குறுஞ்சுற்றுத்தான். இந்தப் பயிற்சியில் அது ஆர்டுயினோவின் கிரவுண்டைத் தவிர வேறெங்கும் போகக்கூடாது.

படி 2: சைகையை உண்டாக்குதல்

உணரிக்கு 5 வோல்ற்றும் கிரவுண்டும் கொடுங்கள். ட்ரிக் காலை ஆர்டுயினோவின் 9ஆம் பின்னோடு இணைத்து, அதை 10 மைக்ரோசெக்கன் உயர்த்தி இறக்கி, 100 மில்லிசெக்கன் காத்திருக்கும் சிறிய நிரலை ஏற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் உணரி 40 கிலோஹேர்ட்ஸில் 8 அலைகளை அனுப்பும். ஓர் அலைக்கு 25 மைக்ரோசெக்கன், மொத்தம் 200 மைக்ரோசெக்கன். புரோப் முனையை டி என்று குறித்த உருளையின் பின்கால் ஒன்றில் வையுங்கள்.

படி 3: வேண்டுமென்றே பிழையாக அளத்தல்

ஒரு சனலை மட்டும் திறந்து வையுங்கள். கட்டத்துக்கு 5 வோல்ற்று, கட்டத்துக்கு 20 மில்லிசெக்கன். ட்ரிகர் மட்டத்தை, அதாவது சைகை தொட்டதும் பதிவைத் தொடக்கும் வோல்ற்றளவை, அலையின் நடு உயரத்துக்கு நகர்த்துங்கள். அக்வயர் மெனுவில் நினைவக ஆழத்தை 12,000 புள்ளியாக்கி, ஒரு தடவை மட்டும் பதிந்து நிற்கும் சிங்கிள் பொத்தானை அழுத்துங்கள். ஆட்டோ பொத்தான் பக்கம் போக வேண்டாம். இப்படி விட்டுவிட்டு வரும் துடிப்பில் அது பெரும்பாலும் குழம்பும்.

இப்போது கணக்கு. 12 கட்டம் × 20 மில்லிசெக்கன் = 240 மில்லிசெக்கன். அந்த நேரத்துக்கு இருப்பது 12,000 புள்ளி. ஆகவே செக்கனுக்கு 50,000 மாதிரி, அதாவது 20 மைக்ரோசெக்கனுக்கு ஒன்று. பெட்டியில் 100 கோடி என்று போட்டிருக்கிறதே என்றால், அது நினைவகம் இடம் கொடுக்கும்போது மட்டும். புள்ளிகளின் எண்ணிக்கையை நேரத்தால் வகுத்தால் வருவதுதான் உண்மையான வேகம். திரையின் மேல்விளிம்பில் அது எழுதியும் இருக்கும்.

நின்ற பதிவில் ஒரு துடிப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். 200 மைக்ரோசெக்கனில் 10 புள்ளி, 8 அலை இருக்க வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 2 அலை. மீடிறன் 10 கிலோஹேர்ட்ஸ் போலத் தோன்றும். உணரியில் பழுதில்லை. 50இலிருந்து 40ஐக் கழித்தால் 10. போலி அலை அங்கேதான் பிறக்கிறது. மாதிரி வேகத்தில் பாதிக்குக் கீழேயுள்ள மீடிறன்தான் தன் உருவில் வரும், மேலேயுள்ளது மடிந்து வேறோர் அலையாக வேடம் போடும். டிஸ்பிளே மெனுவில் கோட்டை எடுத்துப் புள்ளிகளை மட்டும் காட்டச் சொன்னால், அலைவுகாட்டி கையில் உண்மையில் வைத்திருப்பது எவ்வளவு சொற்பம் என்று தெரியும்.

படி 4: சரியாக அளத்தல்

ரன் அழுத்தி, நேர அளவில் கை வைக்காமல் நினைவகத்தை 1,20,000 ஆக்கி மறுபடி சிங்கிள். செக்கனுக்கு 5 லட்சம் மாதிரி, அலைக்கு 12 அல்லது 13 புள்ளி. எட்டு அலையும் எண்ணிப் பார்க்கும்படி வரும். 1.2 கோடியாக்கினால் அலைக்கு 1,250 புள்ளி. ஆனால் திரை புதுப்பிக்கும் வேகம் குறையும். தேவைக்கு மேல் நினைவகம் எடுப்பதில் லாபமில்லை. அலைக்கு 10 புள்ளி கிடைத்தால் தொடக்கத்துக்குப் போதும்.

இங்கே தொடக்கக்காரர் செய்யும் தவறு: அலைவுகாட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நேரக் குமிழைத் திருப்பிப் பெரிதாக்குவது. அப்போது மாதிரி வேகமே மாறி, முதலில் பார்த்த பிழை மறைந்துவிடும். முதலில் நிறுத்துங்கள், பிறகு பெரிதாக்குங்கள். இன்னொன்று, இரண்டாவது சனலைத் திறந்தால் நினைவகமும் உச்ச வேகமும் பாதியாகும்.

உயரத்துக்கும் எல்லை உண்டு. இந்த அலைவுகாட்டி வோல்ற்றளவை 8 பிட்டில் எண்ணாக்குகிறது, அதாவது 256 படிகள். கட்டத்துக்கு 5 வோல்ற்றில் 8 கட்டம் 40 வோல்ற்று, ஒரு படி சுமார் 0.16 வோல்ற்று. மில்லிவோல்ற்று எதிரொலி அந்தப் படிக்குள் அப்படியே புதைந்துவிடும். துடிப்பை ஒரு அளவிலும் எதிரொலியை வேறு அளவிலும் தனித்தனியே பிடியுங்கள்.

படகுக்குப் போகும்போது

மீன் தேடும் கருவிகளில் வழமையானவை 50, 200 கிலோஹேர்ட்ஸ். கடல்நீரில் ஒலி செக்கனுக்குச் சுமார் 1,500 மீற்றர் போகும். 30 மீற்றர் ஆழமென்றால் எதிரொலிக்கு 40 மில்லிசெக்கன். திருகோணமலைத் துறைமுக வாயைத் தாண்டினால் கடலடிப் பள்ளத்தாக்கு. 300 மீற்றருக்கு 400 மில்லிசெக்கன் காத்திருக்க வேண்டும். கட்டத்துக்கு 50 மில்லிசெக்கன் வைத்தால் மொத்தம் 600. 12,000 புள்ளியில் அது செக்கனுக்கு 20,000 மாதிரி. 200 கிலோஹேர்ட்ஸ் அதன் சரியான பத்து மடங்கு என்பதால், துடிப்பு தட்டைக் கோடாகவோ சோம்பல் நெளிவாகவோ தெரியும். அனுப்பும் பகுதி செத்துவிட்டது என்று நல்ல பலகையைக் கழற்றத் தோன்றும் இடம் இதுதான். 1.2 கோடிப் புள்ளியில் அதே துடிப்பில் அலைக்கு 100 புள்ளி கிடைக்கும்.

ஆனால் படகில் அனுப்பும் துடிப்பு பல நூறு வோல்ற்று வரை போகலாம். சாதாரண 10எக்ஸ் புரோப்பை அங்கே வைக்காதீர்கள். அந்த மீடிறனில் தாங்கும் வோல்ற்றளவைப் புரோப்பின் விவரத்தாளில் பார்த்து, 100எக்ஸ் புரோப் வாங்குங்கள். சனல் மெனுவையும் 100எக்ஸுக்கு மாற்றுங்கள்.