வெயில் காலத்துக்கான மலர் வாசனை: இரண்டில் ஒன்றைத் தேர்வது எப்படி?

1992இல் வெளிவந்த இஸ்ஸே மியாக்கே நிறுவனத்தின் லோ டிஸ்ஸே, 2001இல் வெளிவந்த டோல்சே கபானா நிறுவனத்தின் லைட் புளூ ஆகிய இரண்டும் வெயில் காலத்துக்கு ஏற்ற மலர் வாசனைத் திரவியங்களே என்றாலும், ஒன்றின் இடத்தை மற்றொன்று நிரப்புவதில்லை. முன்னதில் தாமரையும் ஃப்ரீசியா மலரும் தண்ணீரில் நனைந்தாற்போல், தர்பூசணியை நினைவூட்டும் ஈரத்தோடு எழுகின்றன; பின்னது எலுமிச்சையும் பச்சை ஆப்பிளுமாகத் தொடங்கி, மல்லிகையைத் தொட்டு, செடார் மரத்தின் உலர்ந்த மணத்தில் அடங்குகிறது.

கடையில் வாசனை தெளித்துத் தரும் காகிதப் பட்டையை நம்பித் தேர்வு செய்ய வேண்டாம். குளிரூட்டிய அறையில் எல்லா வாசனையும் இனிமையாகவே இருக்கும். வலது மணிக்கட்டில் ஒன்றையும் இடது மணிக்கட்டில் மற்றொன்றையும் ஒருமுறை மட்டும் தெளித்து, தேய்க்காமல் உலரவிட்டு, வெளியே அரை மணி நேரமாவது நடந்த பிறகே முகர்ந்து பாருங்கள். உடல் சூட்டில் எலுமிச்சை போன்ற இலகுவான மணங்கள் விரைவில் ஆவியாகிவிடுவதால், முதல் பத்து நிமிடங்களில் மயக்கிய வாசனை மாலைவரை உடன் வருவதில்லை. நாம் நெடுநேரம் சுமக்கப்போவது அடியில் தங்கும் மணத்தைத்தான். வியர்வையோடு கலந்த பின்னும் அது பிடித்திருக்கிறதா என்பதைக் கவனியுங்கள்.

சென்னையைப் போன்ற புழுக்கமான ஊரில், நெரிசலான பேருந்திலும் அலுவலகத்திலும் பகலைக் கழிப்பவருக்கு நான் லைட் புளூவையே சொல்வேன். அதன் உலர்ந்த முடிவு அருகிலிருப்பவரை உறுத்துவதில்லை. லோ டிஸ்ஸேயின் நீர்த்தன்மைக்குக் காரணமான கலோன் என்னும் செயற்கை மணப்பொருள் பிடிவாதமாகத் தங்கக்கூடியது என்பதால், அதைக் காற்றாடும் மாலைகளுக்கு ஒதுக்கி, இரண்டு தெளிப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. எதை வாங்கினாலும் முதலில் சிறிய குப்பியாக வாங்கி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.