நகராண்மைக் கழக வேலையும் பொதுச் சேவை ஆணையமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) முடித்த பிள்ளைகளை அதிகம் அலைக்கழிப்பது, எல்லா அரசாங்க வேலைகளுக்கும் ஒரே ஆணையம்தான் ஆள் எடுக்கிறது என்ற எண்ணமாகும். கூட்டரசுப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் பொதுச் சேவை ஆணையத்தில் பதிந்துவிட்டு, கோலகங்சார் நகராண்மைக் கழகத்திலிருந்து அழைப்பு வருமென்று காத்திருந்தால் அது வராது. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 132ஆவது விதி குறிப்பிடும் பொதுச் சேவைகளில் நகராண்மைக் கழகம் போன்ற ஊராட்சி மன்றங்களின் பணியாளர்கள் சேரவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின்படி, மாநில அரசு ஒப்புக்கொண்ட பணியிடங்களுக்கு அந்தந்த மன்றமே விளம்பரம் செய்து, நேர்முகத் தேர்வு நடத்தி, நியமிக்கிறது. பேராக் மாநிலச் சேவைக்குத் தனி ஆணையமும், ஆசிரியர்களுக்குக் கல்விச் சேவை ஆணையமும் உள்ளன.

பொதுச் சேவை ஆணையத்தை ஓர் அமைச்சின் கிளையாகக் கருதுவதும் தவறே. அதன் தலைவர், துணைத் தலைவர், குறைந்தது 4 உறுப்பினர்கள் ஆகியோரை, பிரதமரின் ஆலோசனையைப் பரிசீலித்து, மாநில ஆட்சியாளர்கள் மன்றத்தைக் கலந்த பின் மாமன்னர் நியமிக்கிறார். தலைவர், துணைத் தலைவர் இருவரில் ஒருவராவது பொதுச் சேவையில் இருப்பவராகவோ, முந்திய 5 ஆண்டுகளுக்குள் இருந்தவராகவோ இருக்க வேண்டும். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் அதில் அமர முடியாது. கட்சிக்காரர்களின் கை நியமனத்தில் படக்கூடாது என்பதற்கான இந்த ஏற்பாடு மிகவும் தேவையானது என்றே நான் கருதுகிறேன்.

நகராண்மைக் கழக உறுப்பினரைப் பிடித்தால் வேலை கிடைத்துவிடும் என்று நம்பி, பால்மரம் வெட்டியும் செம்பனை அறுத்தும் சேர்த்த காசை இடைத்தரகரிடம் கொடுக்கும் பெற்றோரை நினைத்தால் மனம் கனக்கிறது. ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. இன்று ஒவ்வொரு மன்றத்துக்கும், அதன் தலைவர் நீங்கலாக, 8 முதல் 24 உறுப்பினர்களை மாநில அரசே, அதிகபட்சம் 3 ஆண்டுத் தவணைக்கு நியமிக்கிறது. அவ்வுறுப்பினர் எழுதித் தரும் சிபாரிசுக் கடிதம் நியமனக் கடிதம் ஆகாது. லஞ்சம் வாங்குவது மட்டுமன்றிக் கொடுப்பதும் குற்றம்.

மற்றவை சிறியவை, ஆனாலும் வாய்ப்பைக் கெடுப்பவை. பொதுச் சேவை ஆணையத்தில் செய்த பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க மறக்கக்கூடாது. எஸ்பிஎம் தகுதி கேட்கும் பெரும்பாலான பணிகளுக்கு மலாய்ப் பாடத்தில் கிரெடிட் (சாதாரணத் தேர்ச்சிக்கு மேலான நிலை) கட்டாயம் என்பதால், அது இல்லாதவர்கள் அப்பாடத்தை மட்டும் மறுபடியும் எழுதிய பிறகு மனுச் செய்வதே நல்லது.