போட்ட அரிசியைத் திரும்ப எடுக்கச் சொன்னவன்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 11 வருடமாக லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஓவர்லாக், பேட்லாக், பவர்டேபிள் என்று தையல் மெஷின்காரர்கள், கூட உதவிக்கு நிற்கிற கைமடி எல்லாம் சேர்த்து என் லைனில் 34 பேர். வீட்டில் ஒரே ஒருவன், இரண்டரை வயது. அந்த 34 பேரைச் சமாளித்துவிடுவேன்.

குக்கரில் அரிசி போடுவது அவன் வேலை. டம்ளரில் அளந்து கொடுத்தால் அவனே கொட்டுவான். ஒருநாள் அவசரத்தில் நானே போட்டுத் தண்ணீரும் ஊற்றிவிட்டேன். தரையில் மல்லாந்து விழுந்தான். "அரிசி எடு! நான் போடணும்!" ஈர அரிசியை வடித்துக் கொடுத்தால், அந்த அரிசி வேண்டாமாம். காய்ந்த அரிசியைக் கொடுத்தால், முதலில் போட்டதுதான் வேண்டுமாம். நான் கத்திவிட்டேன். ஹாலில் இருந்து கணவர் கேட்டார்: "கம்பெனியில யாராச்சும் கோவிச்சுக்கிட்டா இப்படித்தான் கத்துவியா?"

கத்தமாட்டேன். அன்று மதியம்தான் ஒரு ஓவர்லாக் அக்கா பீஸைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து போனார். அவரிடம் சொல்லாமலே அவருடைய பண்டிலை, அதாவது தைக்கக் கொடுத்த பீஸ் கட்டை, மாற்றியிருந்தோம். அவர் தண்ணீர் குடிக்கும்வரை பேசாமல் நின்றுவிட்டு, "சொல்லாம மாத்தினது எங்க தப்புக்கா" என்றேன். கொஞ்ச நேரத்தில் மெஷினுக்குத் திரும்பிவிட்டார். யோசித்துப் பார்த்தால் அரிசி விஷயமும் அதேதான். அவன் வேலையை அவனிடம் சொல்லாமல் பிடுங்கியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு லைனில் செய்வதை வீட்டிலும் செய்து பார்க்கிறேன்.

ஊசி உடைந்தால் முதலில் பெடலில் இருந்து காலை எடுக்க வேண்டும். காரணம் தேடுவது அப்புறம். பிள்ளை கத்தும்போதும் அப்படித்தான். கத்தியோ சூடான பாத்திரமோ பக்கத்தில் இருந்தால் நகர்த்துங்கள், அவன் உயரத்துக்குக் கீழே உட்காருங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள். நான் ஒரே வாக்கியம்தான் சொல்வேன்: "நீ போடணும்னு இருந்தே, அம்மா போட்டுட்டேன், கோவம் வந்துருச்சு." அடிக்க வந்தால் கையை மெதுவாகப் பிடித்து, "அடிக்க விடமாட்டேன்." அதோடு சரி. விளக்கம், புத்திமதி எதுவும் அந்த நேரத்தில் காதில் ஏறாது.

இதற்கு ஆதாரமும் உண்டு. மைக்கேல் பொடேகல், ரிச்சர்ட் டேவிட்சன் முதலான அமெரிக்க ஆய்வாளர்கள் சின்னப் பிள்ளைகளின் அடத்தைப் பற்றிப் பெற்றோர் எழுதிக் கொடுத்த விவரங்களை வைத்து 2003-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முக்கால்வாசி அடம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. கோபம் ஆரம்பத்திலேயே உச்சிக்குப் போய் இறங்கிவிடுகிறது. அழுகைதான் கடைசிவரை இருக்கிறது. அந்த அழுகை மட்டும் மிஞ்சும்போது என் மகன் தானாகவே மடிக்கு வருவான். அதற்கு முன்னால் நான் தூக்கப் போனால் உதைதான்.

அடம் வராமல் பார்த்துக்கொள்வதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ஆலைகளின் மேற்பார்வையாளர்களுக்காக டி.டபிள்யூ.ஐ. என்று ஒரு பயிற்சி கொண்டுவந்தார்கள். எங்களுக்கும் ஒருமுறை அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது இதுதான்: ஆட்களைப் பாதிக்கிற மாற்றத்தை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். ஸ்டைல், அதாவது தைக்கிற மாடல், மாறுகிறது என்றால் முந்தின நாளே லைனில் சொல்லிவிடுவேன். இரண்டரை வயதுக்காரனிடம் "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றால் ஒன்றும் புரியாது. எண்ணிக் காட்டுங்கள். "இன்னும் ரெண்டு சறுக்கு, அப்புறம் செருப்பு, அப்புறம் வண்டி." இரண்டாவது சறுக்கு முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். "சரி, இன்னொண்ணு" என்று ஒருமுறை இரங்கிவிட்டால் மறுநாள் உங்கள் கணக்கை அவன் நம்பமாட்டான்.

கேட்பதிலும் கவனம் வேண்டும். ஒன்றரை ஷிப்ட் ஓடப் போவது முடிவான பிறகு "இருக்கிறீங்களா?" என்று கேட்டால் லைனில் எரிச்சல்தான் வரும். குளிப்பாட்டியே ஆக வேண்டும் என்றால் "குளிக்கலாமா கண்ணு?" என்று கேட்காதீர்கள். "சிவப்புச் சொம்பா, மஞ்சள் சொம்பா?" என்று கேளுங்கள். அவன் எதைச் சொன்னாலும் குளியல்தான்.

மணிக்கு எத்தனை பீஸ் என்று லைனில் போர்டில் எழுதுவோம். அதே பழக்கத்தில் பத்து நாள், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அடம் வந்த நேரத்தை எழுதினேன். பாதிக்கு மேல் சாயங்காலம் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில். நான் வந்ததும் நேராக அடுக்களைக்குள் போகிற நேரம், அவனுக்கும் பசிக்கிற நேரம். இப்போது முதல் பத்து நிமிடம் வாசற்படியில் அவனோடு உட்கார்ந்து ஒரு வாழைப்பழம். சமையல் பிறகுதான். பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விட்டது.

அடுத்தது அத்தை. அழுதால் உடனே போனைக் கையில் கொடுத்துவிடுவார். "பிள்ளை விக்கி விக்கி அழுவுது அம்மிணி, குடுத்தாத்தான் என்ன?" ஒரு லைனுக்கு இரண்டு சூப்பர்வைசர் இரண்டு விதமாகச் சொன்னால் மாட்டிக்கொள்வது டெய்லர்தான். ஆனால் மாமியாரிடம் போய்ச் சட்டம் பேச முடியுமா? அவன் தூங்கிய பிறகு, "போன் இல்லாத காலத்துல நீங்க எப்படி அத்தை சமாளிச்சீங்க?" என்று கேட்டேன். எதுவும் பேசாமல் இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே போய் நிற்பாராம். மறுநாளில் இருந்து அதையே செய்கிறார். என்னைவிட நன்றாகவே செய்கிறார்.

பாராட்டும்போது சும்மா "சூப்பர்" என்பதில் பிரயோஜனமில்லை. "கோவம் வந்தும் அடிக்கலை" என்று நடந்ததைச் சொன்னால் அடுத்த நாள் அவனே அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

லைன் பாடம் செல்லாத இடமும் உண்டு. அழும்போது மூச்சடைத்து நீலம் பூத்தாலோ மயங்கினாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இரும்புச்சத்துக் குறைவும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால் ரத்தம் பார்க்கச் சொல்வார்கள். தன்னையே காயப்படுத்திக்கொள்கிற பிள்ளையையும், நாலு வயதுக்கு மேலும் அடம் குறையாத பிள்ளையையும் காட்டத்தான் வேண்டும்.

லேட்டாகும் நாட்களில் இப்போது கம்பெனியில் இருந்தே போன் செய்துவிடுகிறேன்: "அத்தை, அரிசியை மட்டும் அவன் போடட்டும்." நேற்று பாதி கீழே கொட்டிவிட்டானாம். அவனே ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டானாம். சாதம் வேக ஒன்பது மணி.