உதட்டை விடுங்கள், கையைப் பாருங்கள்

ஞாயிறு மாலை எங்கள் மொட்டைமாடிக்கு நடிப்புப் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் போட்டுக்காட்டுவது ‘தி சிங்கிங் டிடெக்டிவ்’. டென்னிஸ் பாட்டர் எழுதி, 1986-இல் பிபிசியில் வந்த ஆறு பகுதித் தொடர். துப்பறியும் கதை எழுதும் பிலிப் மார்லோ மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறார். உடம்பெல்லாம் சொரியாசிஸ், மூட்டுவாதத்தில் விரல்கள் மடங்கிவிட்டன. பாட்டரையே வாட்டிய நோய் அது. மார்லோவாக நடித்தவர் மைக்கேல் கேம்பன்.

பழைய இசைத்தட்டுகளுக்கு நடிகர்கள் வாயசைக்கும் தொடர் இது. பின்னணிக் குரலில் வளர்ந்தவர்கள் நாம். உதடு பொருந்துகிறதா என்று பார்த்தே மதிப்பெண் போட்டுவிடுவோம். அந்தப் பழக்கத்தை முதலில் விடுங்கள்.

ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு, முதல் பகுதியில் மருத்துவர்கள் ‘ட்ரை போன்ஸ்’ பாட்டுக்கு ஆடும் இடத்துக்குத் திரும்புங்கள். பாட்டிலிருந்து தொடங்காதீர்கள், இரண்டு நிமிடம் முன்னால் போங்கள். கட்டிலைச் சுற்றி மருத்துவர்கள் நிற்க, மார்லோ உடைந்து அழுகிறார். அவர்களோ மருந்துப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். அந்தப் பெயர்களே தாளம் பிடித்துப் பாட்டில் போய் விழுகின்றன. இப்போது ஒலியை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கேம்பனுக்கு உடம்பை அசைக்க வழியில்லை. கண் ஒன்றுதான் மிச்சம். அவமானம், வலி, கோபம் மூன்றும் அந்தக் கண்ணில் எந்த வரிசையில் வருகின்றன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். என் மாணவி ஒருத்தி நான்கு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, “கோபம்தான் சார் முதலில் வருகிறது, அழுகை அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது” என்றாள். எனக்கே அது அன்றுதான் தெரிந்தது.

அடுத்து கைகள். மார்லோவின் கற்பனையில் அவரே நடன இசைக்குழுவோடு பாடும் துப்பறிவாளர், அங்கும் கேம்பன்தான். அந்தக் காட்சியையும் கட்டில் காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டு, கைகளை மட்டும் கவனியுங்கள். மேடையில் கை தளர்ந்து, தன் பாட்டுக்கு இருக்கிறது. கட்டிலில் அதே கை ஒரு சிகரெட்டுக்குப் படும் பாட்டைப் பாருங்கள். ஒரே மனிதன் ஏங்குவதும் இழந்ததும் அந்த இரண்டு கைகளுக்கு நடுவில் இருக்கிறது.

கடைசியாக, பாட்டே இல்லாத ஓர் இடம். மனநல மருத்துவர் கிப்பனாக வரும் பில் பேட்டர்சன் ஒரு சொல் சொல்ல, மார்லோ உடனே இன்னொரு சொல் சொல்ல வேண்டும். இதைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஜதிபோல விரையும், பிறகு ஒரு சொல்லில் மார்லோவின் குரல் இடறும். எந்தச் சொல் என்று நான் சொல்ல மாட்டேன்.