டேக் போட்டும் பில்டு "ஆர்சி"ன்னே காட்டுதா? கிட் டேக் செய்முறை

கமிட், பிராஞ்ச், புஷ் தெரிஞ்சவங்களுக்குத்தான் இது, அதையெல்லாம் திரும்ப விளக்கப் போறதில்ல. டேக்னா ஒரு கமிட்டுக்கு நாம வைக்கற பேர், வெர்ஷன் நம்பர் மாதிரி. கமாண்ட் எல்லாம் தமிழ் எழுத்துல இருக்கு, டெர்மினல்ல ஆங்கிலத்துல அடிச்சுக்கோங்க.

ரிலீஸ் கேண்டிடேட், சுருக்கமா ஆர்சி. "எங்க பக்கம் வேலை முடிஞ்சது, தட்டிப் பாருங்க, உடையலேன்னா இதையே வெளியிடுறோம்"னு குடுக்கற பில்டு. பீட்டா வேற, இது வேற. ஆர்சி விட்டப்புறம் புது ஃபீச்சர் உள்ள நுழைஞ்சா அந்தப் பேருக்கே அர்த்தமில்ல. லினக்ஸ் கெர்னல்ல ரெண்டு வாரம் மெர்ஜ் விண்டோ (புது மாற்றங்களை உள்ள சேர்க்கற காலம்), அது மூடினதும் ஆர்சி1, அப்புறம் வாராவாரம் ஒண்ணு, பெரும்பாலும் ஆர்சி7 இல்ல ஆர்சி8 போயிதான் ஃபைனல்.

1. பேர்

வி1.4.0-ஆர்சி.1 மாதிரி வைங்க. ஆர்சிக்கும் நம்பருக்கும் நடுவுல இருக்கற புள்ளிய விட்டுடாதீங்க, செமாண்டிக் வெர்ஷனிங் (வெர்ஷன் நம்பர் எழுதறதுக்கான பொது வழக்கம்) விதிப்படி புள்ளி இல்லேன்னா அது வெறும் எழுத்து, ஆர்சி10 போய் ஆர்சி2-க்கு முன்னாடி உக்காந்துக்கும். பைதான் பேக்கேஜ்னா மட்டும் அவங்க வழக்கம் வேற, 1.4.0ஆர்சி1-னு ஒட்டித்தான் வரும்.

2. டேக்

கிட் டேக் -ஏ வி1.4.0-ஆர்சி.1 -எம் "முதல் ஆர்சி"

அந்த -ஏ முக்கியம், ஏன்னு அஞ்சாவதுல புலம்பறேன்.

3. புஷ்

சும்மா கிட் புஷ் அடிச்சா டேக் போகாது. பேரைச் சொல்லி அனுப்பணும்:

கிட் புஷ் ஆரிஜின் வி1.4.0-ஆர்சி.1

--டேக்ஸ் போடாதீங்க, லோக்கல்ல சோதனைக்குப் போட்ட குப்பை டேக்கெல்லாம் சேர்ந்து போயிடும்.

4. பக் வந்தா

ஃபிக்ஸ் பண்ணி ஆர்சி.2 போடுங்க, முடிஞ்சது. பழைய டேக்கையே புது கமிட்டுக்கு நகர்த்தாதீங்க. ஏற்கெனவே எடுத்தவங்க கிட்ட பழசுதான் இருக்கும், கிட் 2.20-லேர்ந்து ஃபெட்ச் பண்ணாலும் ஃபோர்ஸ் குடுக்காம டேக் மாறாது. ஒரே பேர்ல ரெண்டு பேர் ரெண்டு கோடு டெஸ்ட் பண்ணிட்டு சண்டை போட்டுப்பீங்க.

5. ஃபைனல் (நான் விழுந்த இடம்)

ஆர்சி.3 நல்லாருந்துச்சு. அதே கமிட்டுக்குத்தான் வி1.4.0 போடணும். நடுவுல "வெர்ஷன் நம்பர் மாத்தினேன்"னு ஒரு கமிட் சொருகினா, யாருமே டெஸ்ட் பண்ணாத கமிட்தான் ஃபைனலா வெளிய போகும். அதனாலதான் வெர்ஷனை ஃபைல்ல எழுதி வைக்கறது எனக்குப் பிடிக்காது, பில்டு ஸ்கிரிப்ட் கிட் டிஸ்கிரைப் (கமிட்டுக்குப் பக்கத்துல இருக்கற டேக் பேரைச் சொல்ற கமாண்ட்) கேட்டு எடுத்துக்கட்டும்.

நானும் அப்படித்தான் வெச்சிருந்தேன், ஆனா அன்னிக்கு அவசரத்துல -ஏ போடாம வெறும் கிட் டேக் வி1.4.0 அடிச்சு, பில்டு பண்ணி, வெளியிட்டும் ஆச்சு, அப்புறம் பாத்தா அபவுட் ஸ்கிரீன்ல 1.4.0-ஆர்சி.3-ன்னு நிக்குது. கேஷ் கிளியர் பண்ணேன், மூணு தடவ ரீபில்டு பண்ணேன், சிஐ சர்வரை (தானா பில்டு, டெஸ்ட் ஓட்டற சர்வர்) திட்டினேன். தப்பு அதுமேல இல்ல. -ஏ இல்லாத டேக் ஒரு கமிட்டுக்கு ஒட்டின சீட்டு மட்டும்தான், -ஏ போட்டது யாரு, எப்போ, எதுக்குன்னு எல்லாம் வெச்சிருக்கற தனி ஆப்ஜெக்ட். டிஸ்கிரைப்கிட்ட நாம தனியா எதுவும் சொல்லலேன்னா, அது ரெண்டாவது வகையை மட்டும்தான் பாக்கும். என் ஆர்சி.3 -ஏ போட்டது, ஃபைனல் போடாதது, அதான் ஆர்சி ஜெயிச்சிடுச்சு. ரெண்டுமே -ஏ போட்டிருந்தா தேதி பாத்து புதுச எடுத்திருக்கும். வெளிய போன டேக்கைத் தொடக் கூடாதுன்னு மேல நானே சொல்லியாச்சே, வாயை மூடிட்டு அதே கமிட்டுக்கு 1.4.1 போட்டேன்.

ஆக சரியான முறை:

கிட் டேக் -ஏ வி1.4.0 -எம் "ரிலீஸ்" வி1.4.0-ஆர்சி.3^{}

கடைசில இருக்கற ^{} எதுக்குன்னா, அது இல்லேன்னா கமிட்டுக்குப் பதிலா டேக்குக்கே டேக் போட்டுடும், நெஸ்டட் டேக்னு கிட்டே ஒரு எச்சரிக்கை குடுக்கும். போட்டதும் செக் பண்ணுங்க (இங்க -டி-ன்னா -t):

கிட் கேட்-ஃபைல் -டி வி1.4.0

டேக்னு வந்தா சரி, கமிட்னு வந்தா நான் பண்ண தப்பை நீங்களும் பண்ணிட்டீங்க. இன்னும் புஷ் பண்ணலேன்னா கிட் டேக் -டி (இது -d) போட்டு அழிச்சிட்டுத் திரும்பப் போடுங்க. இதனாலதான் டேக் வேலைக்கு மட்டும் நான் பட்டன் அமுக்கற டூல் எதையும் நம்பறதில்ல, எந்த வகை போட்டுச்சுன்னு கண்ணுக்கே தெரியாது.

அப்டேட் 1: சிஐல "நோ நேம்ஸ் ஃபவுண்ட்"னு டிஸ்கிரைப் செத்துப்போகுதுன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல செக்அவுட் ஸ்டெப் வழக்கமா ஒரே ஒரு கமிட்டைத்தான் இறக்கும், டேக் வராது. ஃபெட்ச்-டெப்த் 0 போடுங்க.

அப்டேட் 2: கிட் டேக் --சார்ட்=வி:ரெஃப்நேம் போட்டா வி1.4.0 மேலயும் அதோட ஆர்சிங்க அதுக்குக் கீழயும் வருதுன்னு ஒருத்தர் சொன்னார், கடைசி வரிய எடுத்து டெப்ளாய் பண்ற ஸ்கிரிப்ட் அவரோடது, ஆர்சியைப் போய் ஏத்திருக்கு. இதை ஒரு தடவ அடிச்சா வரிசை சரியாயிடும்:

கிட் கான்ஃபிக் --குளோபல் வெர்ஷன்சார்ட்.சஃபிக்ஸ் -ஆர்சி

குளோபல்ங்கறது அந்த மெஷின்ல அந்த யூசருக்கு மட்டும், டெப்ளாய் நடக்கற சர்வர்லயும் டெப்ளாய் ஓடற யூசரா போய் அடிக்கணும்.