‘வைன்’ என்றால் மது இல்லை: கரீபியன் பாட்டு கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரினிடாட் தீவின் ஆட்டப் பாட்டான சோகா ஒன்றுக்கு யாரோ போட்டிருந்த தமிழ் சப்டைட்டிலை அண்மையில் பார்த்தேன். பாடகர் ஒரு பெண்ணிடம் ‘வைன், வைன்’ என்று கெஞ்சுகிறார். கீழே ‘மது, மது’ என்று ஓடுகிறது. திரையில் ஒருவர் கையிலும் கோப்பை இல்லை. எல்லோரும் முட்டியை லேசாக மடக்கி, தோளை அசைக்காமல், இடுப்பை மட்டும் வட்டமாகச் சுழற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சுழற்றல்தான் வைன். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதை ஆங்கிலத்தில் ‘வைண்ட்’ என்பார்களே, அந்தச் சொல்தான் கரீபியன் நாக்கில் வால் தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது.

நாம் செய்யும் பெரிய தவறு இதுதான்: காதில் விழுவதை ஆங்கிலம் என்று நினைத்துக்கொள்வது. டிரினிடாட், ஜமைக்கா, பார்படாஸ் மக்கள் வீட்டிலும் தெருவிலும் பேசுவது கிரியோல். சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலிருந்து வந்தவை. ஆனால் இலக்கணமும் பொருளும் அவர்களுடையவை, ஆப்பிரிக்க மொழிகளின் சாயலும் உண்டு. பார்படாஸில் பிறந்த ரிஹானாவின் ‘வொர்க்’ 2016-ல் வந்தபோது, வெறும் உளறல் என்று பலர் எழுதினார்கள். அதில் வரும் ‘ஹாஃபி’ ஜமைக்காவில் குழந்தைகூடப் பேசும் சொல். ‘செய்தே ஆகணும்’ என்பதில் வரும் அந்த ‘ஆகணும்’தான் அது.

ஆங்கிலக் காதோடு கேட்டால் இன்னொரு சங்கடமும் வரும். கெட்ட வார்த்தை இல்லாத இடத்தில் அது இருப்பதாகத் தோன்றும், இருக்கும் இடத்தில் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ‘ஹார்ன்’ என்றதும் காமவெறி என்று பலர் எழுதிவிடுகிறார்கள். டிரினிடாடில் ஒருவருக்கு ‘ஹார்ன்’ கொடுப்பது என்றால் துணைக்குத் தெரியாமல் வேறொருவரோடு போவது. அப்படி ஏமாந்தவர் சோறு இறங்காமல் சுருண்டு கிடந்தால், அந்த நோய்க்கு ‘டபாங்கா’ என்று பெயர். ‘டெபுட்டி’ என்றால் துணை அதிகாரி இல்லை, ரகசியக் காதலி அல்லது காதலன். பெங்குவின் என்ற கலிப்ஸோ (சோகாவுக்குத் தாயான டிரினிடாட் பாட்டு வகை) பாடகர் 1982 கார்னிவல் திருவிழாவில் ஊரையே ஆடவைத்தது இந்த டெபுட்டியைப் பற்றிய பாட்டால்தான்.

அதே துரோகத்துக்கு ஜமைக்காவில் வேறு சொற்கள். அங்கே ‘பன்’ என்று காதில் விழுந்தால் தின்பண்டம்தான் என்று முடிவுகட்டக் கூடாது. ‘பர்ன்’ என்பது அப்படித் திரிந்தது, சூடு வைத்துவிட்டாள், சூடு வைத்துவிட்டான், அதாவது துணையை ஏமாற்றிவிட்டார் என்று பொருள். ‘மேட்டி’ நண்பன் இல்லை, இன்னொருத்தி. ‘ஜாக்கெட்’ என்பது வேறொருவருக்குப் பிறந்து, விவரம் தெரியாத கணவனின் தலையில் கட்டப்பட்ட குழந்தை. ஆகவே பாடுபவர் எந்தத் தீவுக்காரர் என்று முதலில் பாருங்கள். கரீபியன் என்று ஒரே அகராதி கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் டிரினிடாடின் இந்திய வம்சாவளிப் பாடகி துருபதி ராம்கூனாய் பாடியது. பாட்டின் கதை எளிது: பொறுப்பில்லாமல் வண்டி ஓட்டிய ஒருவன் அவளுடைய ‘நானி’யை ‘லிக் டவுன்’ செய்துவிட்டான். டிரினிடாட் கிரியோலில் ‘லிக்’ என்றால் அடி, ‘லிக் டவுன்’ என்றால் மோதித் தள்ளுவது. நானி என்றால் அம்மாவைப் பெற்ற பாட்டி. போஜ்புரி பேசும் ஊர்களிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறிய மக்கள் கொண்டுபோன சொல் அது. ஆக இது ஒரு விபத்துச் செய்தி. ஆனால் நானி என்பது தெருப்பேச்சில் பெண்குறிக்கும் பெயர், ‘லிக்’குக்கு ஆங்கிலப் பொருள் நக்குவது. இரண்டு கதைகளும் ஒரே வரியில் ஒன்றையொன்று இடிக்காமல் ஓடுகின்றன. கொச்சைப் பொருளை மட்டும் மொழிபெயர்த்தால் பாட்டு செத்துவிடும். பாட்டியை மட்டும் மொழிபெயர்த்தாலும் அப்படித்தான்.

இந்தியப் பெண் இப்படிப் பாடலாமா என்று அங்கே எதிர்ப்பும் கிளம்பியது. அந்தக் கேள்வியிலும் ஒரு மறதி இருக்கிறது. அங்குள்ள இந்துக் கல்யாணங்களில் ‘மட்டிகோர்’ என்றொரு இரவு உண்டு. ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, மத்தளம் தட்டி, முதலிரவைப் பற்றிப் பாட்டிமார்களே பச்சையாகப் பாடி ஆடுவார்கள். மேடைக்கு வந்தது இந்த வழக்கம்தான்.

அதனால்தான் ‘எல்லாம் ஆபாசம்’ என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடிவதில்லை. டிரினிடாடில் 1934-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த சட்டம் மேடையில் பாடுவதைத் தணிக்கைக்கு உட்படுத்தியது. கலிப்ஸோ பாடும் அரங்குகளான கூடாரங்களில் போலீஸ் வந்து காது கொடுத்தது. நேராகச் சொன்னால் வம்பு என்ற ஊரில், சுற்றிச் சொல்வது ஒரு கலையாக வளர்ந்தது. ரம்மையும் கோக்கையும் பற்றி டிரினிடாடின் கலிப்ஸோ பாடகர் லார்ட் இன்வேடர் பாடிய பாட்டு குடிப்பாட்டு மாதிரித்தான் இருக்கும். உள்ளே இருப்பது, போர்க்காலத்தில் வந்திறங்கிய அமெரிக்கச் சிப்பாய்களின் டாலருக்காகத் தாயும் மகளும் உடலை விற்ற துயரம். அதை அமெரிக்காவில் ஆண்ட்ரூஸ் சகோதரிகள் பாடி, 1945-ல் முதலிடம் பிடித்தது. சொற்களைப் பற்றி அப்போது யோசிக்கவே இல்லை என்று அவர்களே பின்னால் சொன்னார்கள்.

இதன் மறுபக்கமும் ஒரு தவறுதான்: எல்லாவற்றிலும் காமத்தைத் தேடுவது. கலிப்ஸோவில் ‘சால்ட்ஃபிஷ்’ பெண்ணுடலைக் குறிப்பதுண்டு. ஆனால் அது அடிமைகளுக்கு மலிவாகப் போடப்பட்ட உப்புக் கருவாடு. இன்றும் ஜமைக்காவில் காலை உணவு. ‘ஜூக்’ செய்வது பாட்டில் புணர்ச்சி, தோட்டத்தில் காலில் முள் குத்துவது. பாட்டி பேரனிடம் தாராளமாகச் சொல்லலாம்.

கடைசியாக, ‘கிளாட்’ என்று முடியும் ஜமைக்கா வசைகள். மீம்களில் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் செல்லமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். துணி என்பதுதான் அந்தச் சொல், தீட்டுத் துணி, துடைத்த துணி. அங்கே பெரியவர்கள் முன்னால் வாயில் வரக் கூடாது. பொது இடத்தில் கெட்ட வார்த்தை பேசுவதே பல தீவுகளில் சட்டப்படி குற்றம். 2016-ல் செயின்ட் கிட்ஸ் மேடையில் வாய்தவறிய அமெரிக்க ராப் பாடகர் ஃபிஃப்டி சென்ட்டைக் கைது செய்து, அபராதம் கட்டவைத்துத்தான் அனுப்பினார்கள்.